ஒளிந்து நின்ற உடைகள்

பண்டைப் போர்வீரன் பகைவன் கண்ணில் படவே உடுத்தினான். செந்நிறச் சட்டையும் பளபளக்கும் பித்தளைப் பொத்தானும் படைக்குப் பெருமை எனக் கருதப்பட்டன. தொலைவிலிருந்து குறி தவறாது சுடும் துப்பாக்கி தோன்றியபின் அப்பெருமையே வீரனின் உயிருக்கு உலை வைத்தது.

மாற்றம் நம் துணைக்கண்டத்திலேயே தொடங்கிற்று. 1846ஆம் ஆண்டில் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் திரட்டிய 'கைட்ஸ்' படை, பின்னர்ப் புழுதி நிற உடை பூண்டது. பாரசீக மொழியில் 'காக்' என்பது புழுதி. அதினின்று பிறந்ததே காக்கி. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது ஆங்கிலேயப் படையினர் தம் வெள்ளுடையைத் தேயிலைச் சாற்றிலும் சேற்றிலும் தோய்த்து அணிந்தனர்.

ஒரு நிறம் மட்டும் போதாது, உடலின் வடிவமே கண்ணுக்குச் சிதைந்து தோன்றவேண்டும் என உணர்ந்தது இருபதாம் நூற்றாண்டு. 1915இல் பிரான்சு ஓவியர்களைக் கொண்டே உருமறைப்புப் பிரிவு ஒன்றை அமைத்தது. 1929இல் இத்தாலி, கூடாரத்துக்கெனப் பலவண்ணம் அச்சிட்ட துணியைப் படைக்கு வழங்கிற்று.

இவ்வரிசையில் தனிச்சிறப்புடையது, இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் பாராசூட் வீரர் அணிந்த டெனிசன் மேற்சட்டை. தொடக்கத்தில் அதன் துணியில் பெருந்தூரிகை கொண்டு கையாலேயே வண்ணம் தீட்டினர். ஆதலின் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. குதிக்கும்போது காற்றில் மேலெழாதிருக்க, பின்புறம் தொங்கும் வால்போன்ற துண்டைக் கால்களிடையே இழுத்து முன்புறம் பொத்தானிடுவர். அமெரிக்கர் 1942இல் ஒருபுறம் பசுமையும் மறுபுறம் பழுப்புமாகத் திருப்பி அணியும் புள்ளியுடையை வழங்கினர். 1944இல் நார்மண்டியில் அது ஜெர்மானியரின் புள்ளியுடையோடு மயங்க நேர்ந்தமையால் அங்குக் கைவிடப்பட்டது.

போர் முடிந்ததும் எஞ்சியவை உபரிச் சரக்காக மலிவு விலைக்குச் சென்றன. வேட்டையாடுவோரும் உழைப்பாளரும் அவற்றைக் கிழியும்வரை உடுத்தனர். அன்று மலிந்து கிடந்தமையாலேயே அவை அழிந்தன. அழிந்தமையாலேயே இன்று அருமை பெற்றன. அருமை பெருகவே போலிகளும் பெருகின. ஆகவே சேகரிப்போர் வண்ணத்தை மட்டும் நம்பாது, தையலையும் பொத்தானையும் உட்புற முத்திரையையும் கூர்ந்து நோக்குவர். மையால் எழுதிய ஒரு வீரனின் எண்ணோ, முழங்கையில் இட்ட ஒட்டோ அவர்க்குக் குறையன்று; அதுவே சான்று.

நம் குடியிருப்பில் படைப்பணியாற்றிய பெரியோரின் பழைய உடைகள் பெட்டியின் அடியில் கிடக்கலாம். அவற்றை வெளுத்துப் புதுக்கவும் வேண்டா. பாத்திரக்காரரிடம் கொடுத்துவிடவும் வேண்டா. படைவீரர் எனப் பிறர் நம்புமாறு அணிந்து உலாவுவது சட்டப்படி குற்றம். காத்து வைப்பதோ கடமை. அணிந்தவர் பெயர், ஆண்டு, இடம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி உடன் வைப்போமாயின், நம் பெயரர்க்கு அது வெறுந்துணியாக இராது, வரலாறாக விளங்கும்.