அளவெடுத்துச் செய்த ரைஃபிளும் நம் வீட்டுச் சமையல் மேடையும்

நம் பிளாக்கில் ஒரு ஃபிளாட் விற்பனைக்கு வந்தது. உரிமையாளர் குடிவந்தபோதே பல லட்சம் செலவழித்து இன்டீரியர் வேலை செய்தவர். மனைவி நல்ல உயரம் என்பதால் சமையல் மேடையைக்கூட நான்கு அங்குலம் உயர்த்திக் கட்டியிருந்தார். பார்க்க வந்தவர் எல்லா அறைகளையும் சுற்றிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "சார், இதையெல்லாம் இடித்து எடுக்க எவ்வளவு ஆகும்?" நண்பரின் முகம் வாடிவிட்டது.

எனக்கு அப்போது அமெரிக்கத் துப்பாக்கிச் சந்தை நினைவுக்கு வந்தது. ஃபிளாட்டுக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நமக்காக அளவெடுத்துச் செய்ததற்கு மறுவிற்பனையில் மதிப்பு அதிகமா, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருப்பதற்கு அதிகமா என்ற கேள்விக்கு அங்கே நூறு வருட அனுபவம் இருக்கிறது.

ரம்பமும் அரமும்

அமெரிக்க ராணுவம் 1903ல் ஏற்றுக்கொண்ட ரைஃபிளுக்கு ஸ்பிரிங்ஃபீல்டு என்று பெயர். இரண்டு உலகப் போர்களுக்கும் பிறகு ராணுவத்தில் மிஞ்சிய ரைஃபிள்கள் பொதுமக்களுக்கு மலிவாக விற்கப்பட்டன. அதற்கும் முந்தைய கிராக் என்ற ராணுவ ரைஃபிள் 1920களில் ஒன்றரை டாலருக்கே கிடைத்தது.

வாங்கியவர்கள் அவற்றை மான் வேட்டைக்கு ஏற்றபடி மாற்றினார்கள். கனமான முன்பக்க மரத்தை ரம்பத்தால் அறுத்தார்கள். டெலஸ்கோப் பொருத்த இரும்பில் துளை போட்டார்கள். தோளில் அணைக்கும் மரக்கட்டையைத் தங்கள் கையின் நீளத்துக்கு ஏற்பப் புதிதாகச் செய்தார்கள். அன்றைக்கு அது புத்திசாலித்தனமான காரியம்தான். ரைஃபிள் மலிவு, எங்கும் கிடைத்தது. கடையில் புது வேட்டை ரைஃபிள் விலை அதிகம்.

காலம் போகப் போக நிலைமை தலைகீழானது. ராணுவத்திலிருந்து வந்தபடியே கைபடாமல் இருந்த ரைஃபிள்கள் அரிதாயின. சேகரிப்பாளர்கள் அவற்றைத்தான் தேடினார்கள். அறுத்த மரத்தையாவது மாற்றலாம். இரும்பில் போட்ட துளையை என்ன செய்வது? மாதக்கணக்கில் உழைத்து மெருகேற்றிய ரைஃபிள், யாரும் தொடாத ரைஃபிளைவிடக் குறைந்த விலைக்குப் போனது.

காரணம் எளிது. அமெரிக்கத் தொழிற்சாலைகள் விசையிலிருந்து மரக்கட்டையின் கடைசிவரை பொதுவாகச் சுமார் 13½ அங்குலம் வைப்பது வழக்கம். அது யாருக்கும் கச்சிதமாகப் பொருந்தாது. ஆனால் ஏறக்குறைய எல்லாருக்கும் பொருந்தும். ஒருவர் கைக்கென்று அளவெடுத்தது அடுத்தவர் கைக்குப் பொருந்த வேண்டுமே!

பெயருக்குக் கிடைக்கும் விலை

எல்லாக் கைவேலைக்கும் இந்தக் கதி இல்லை. நியூயார்க்கில் 1923ல் கிரிஃபின் அண்ட் ஹோவ் என்ற நிறுவனம் தொடங்கியது. அதன் கிரிஃபின் ஒரு மரச்சாமான் தச்சர். அவர்களும் அதே ஸ்பிரிங்ஃபீல்டை எடுத்துத்தான் வேட்டை ரைஃபிளாக மாற்றினார்கள். எழுத்தாளர் ஹெமிங்வே 1930ல் வாங்கியது அப்படி ஒன்றைத்தான். அந்த ரைஃபிள்களுக்கு இன்றும் நல்ல விலை உண்டு. அவற்றில் செய்தவர் பெயர் இருக்கிறது, வரிசை எண் இருக்கிறது. வாங்குபவருக்குத் தரத்தைப் பற்றிச் சந்தேகம் வராது. வீட்டுப் பட்டறையில் பெயர் தெரியாத ஒருவர் செய்தது அதே அளவு நன்றாக இருந்தாலும், அதை நிரூபிக்க வழியில்லை.

தொழிற்சாலைப் பொருள் என்றாலே விலை நிற்கும் என்றும் நினைக்க வேண்டாம். வின்செஸ்டர் நிறுவனத்தின் மாடல் 70 ரைஃபிள் 1936ல் வந்தது. 1964ல் செலவைக் குறைக்க அதன் வடிவமைப்பை மாற்றினார்கள். தோட்டாவைப் பிடித்து இழுக்கும் பெரிய கொக்கி போனது. மரத்தில் செதுக்கிய சதுரக் கோடுகளுக்குப் பதில் அச்சால் அழுத்திய கோடுகள் வந்தன. வாடிக்கையாளர்கள் உடனே கண்டுகொண்டார்கள். "1964க்கு முந்தையது" என்பதே ஒரு தரச் சான்றாகி, பழைய மாடலின் விலை ஏறியது. பழைய அமைப்பை நிறுவனம் மறுபடி கொண்டுவந்தது 1990களில்தான். அந்தப் பழைய மாடலிலேயே யாராவது கூடுதல் துளை போட்டிருந்தாலோ கட்டையை மாற்றியிருந்தாலோ விலை இறங்கிவிடும்.

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. நேபாளத்திலும் குமாவுன் பகுதியிலுமாக 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் பெண்புலியை 1907ல் சுட்டதற்காக ஜிம் கார்பெட்டுக்கு லண்டன் ரிக்பி நிறுவனத்தின் ரைஃபிள் ஒன்று பரிசாகக் கிடைத்தது. பின்னாளில் அது அவருடைய பதிப்பாளரான ஆக்ஸ்ஃபோர்டு யூனிவர்சிட்டி பிரஸ்ஸிடம் இருந்தது. 2015ல் ரிக்பியே அதைத் திரும்பப் பெற்றது. யாருக்கு, எதற்காகக் கொடுத்தது என்று அதன் மரக்கட்டையில் பதித்த சிறு தகடு சொல்கிறது. அந்தத் தகடு இல்லையென்றால் அது இன்னொரு பழைய ரைஃபிள், அவ்வளவுதான்.

நமக்கு என்ன?

வீட்டில் வேலை செய்யும்போது, திருகைக் கழற்றி எடுக்கக்கூடியதாகச் செய்யுங்கள். சுவரை உடைத்துச் செய்வதைக் கடைசி வழியாக வையுங்கள். பில்டர் கொடுத்த கதவு, ஜன்னல்களைக் கழற்றினால் தூக்கிப் போடாதீர்கள். யார் செய்தார், எந்த மரம், எந்த பிராண்டு பிளைவுட், வயர், குழாய் எங்கே போகிறது என்ற பில்லும் வரைபடமும் ஒரு ஃபைலில் இருக்கட்டும். விற்கும்போது அதுதான் நம் தகடு. செலவழித்த பணத்தை முதலீடு என்று எண்ணாமல், அனுபவிப்பதற்கான செலவு என்று எண்ணுங்கள்.

நண்பரின் ஃபிளாட் கடைசியில் பக்கத்து ஃபிளாட் போன விலைக்கே போனது. உயர்த்திய மேடைக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை. வருத்தம்தானே என்று அவர் மனைவியிடம் கேட்டேன். "ஒன்பது வருஷம் முதுகு வலியில்லாமல் சமைத்தேனே, அதற்கு யார் விலை போடுவார்கள்?" என்று சிரித்தார்.