ஸ்கேன் பாக்கெட்டுக்குள்ள வந்தாச்சு, கத்துக்கொடுக்க ஆள் வந்தாச்சா?

1/ போன வாரம் ஊர்ல இருந்து ஒரு நண்பன் போன் பண்ணான். எம்.பி.பி.எஸ்ல என் ரூம்மேட். இப்போ ஒரு சின்ன டவுன்ல கிளினிக் வச்சிருக்கான். "மச்சான், போன்ல மாட்டுற ஸ்கேன் வந்திருக்காமே, அடுத்த தடவை வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வாடா." முடியாதுடான்னு சொன்னேன். ஏன் முடியாதுங்கிறதுக்கு ரெண்டு காரணம். ரெண்டுக்குப் பின்னாலயும் வரலாறு இருக்கு. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ அல்ட்ராசவுண்ட்னா நமக்கு ஞாபகம் வர்றது இருட்டு ரூம், குளிர்ந்த ஜெல், ஒரு ரிப்போர்ட் கவர். ஆனா வயிற்று ஸ்கேனை வளர்த்தெடுத்ததுல முக்கியமானவர் ரேடியாலஜிஸ்ட் இல்ல. தினமும் நோயாளி வயித்தைக் கையால தொட்டுப் பார்த்துக்கிட்டிருந்த ஒரு மகப்பேறு மருத்துவர். பேரு இயன் டொனால்ட்.

3/ இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்றியவர். 1954-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் ஆனார். கிளாஸ்கோ அப்போ கப்பலும் பாய்லரும் செஞ்ச ஊர். உலோகத்துக்குள்ள விரிசல் இருக்கான்னு ஒலி அலையை அனுப்பி, எதிரொலியை வச்சுக் கண்டுபிடிப்பாங்க. இரும்புக்கு முடியும்னா வயித்துக்கு ஏன் முடியாதுன்னு யோசிச்சாரு.

4/ 1955 ஜூலையில், ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் கார் டிக்கியில் போட்டுக்கிட்டு ஒரு பாய்லர் தொழிற்சாலைக்குப் போனாரு. ஒப்பிட்டுப் பார்க்க அங்கே ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டு தயாரா இருந்துச்சு. நீர்க்கட்டிக்கு ஒரு மாதிரி எதிரொலி, சதைக்கட்டிக்கு வேற மாதிரி. அவருக்கு அது போதுமா இருந்துச்சு. பிறகு டாம் பிரவுன்னு ஒரு இளம் இன்ஜினியரும், ஜான் மக்விகர்னு ஒரு மருத்துவரும் கூடச் சேர்ந்தாங்க.

5/ அந்தச் சமயத்தில் ஒரு பெண். வயிறு பெருசா வீங்கியிருந்தது. முற்றிய இரைப்பைப் புற்றுநோய், ஆபரேஷன் பண்ண முடியாதுன்னு முடிவு பண்ணியிருந்தாங்க. டொனால்ட் அவங்க வயித்துல புரோபை வச்சுப் பார்த்தப்ப எதிரொலி ஒரு பெரிய நீர்க்கட்டின்னு சொல்லுச்சு. வயித்தைத் திறந்து பார்த்தா சினைப்பை நீர்க்கட்டி. எடுத்தாங்க, அவங்க பிழைச்சாங்க. 1958 ஜூன் 7 லான்செட் இதழில் இவங்க ஆய்வுக் கட்டுரை வந்தது.

6/ இந்த இடத்தைக் கவனிங்க. நோயாளிகிட்ட பேசினவர், வயித்தைத் தொட்டவர், ஸ்கேன் பார்த்தவர், முடிவெடுத்தவர், எல்லாம் ஒரே டாக்டர். பிறகு மெஷின் பெருசாச்சு, விலை ஏறுச்சு, படம் புரிய தனிப் படிப்பு தேவைப்பட்டுச்சு. ஸ்கேன் தனி ரூமுக்குப் போயிடுச்சு. படம் எவ்வளவோ தெளிவாச்சு. ஆனா நோயாளியைப் பார்க்கிற டாக்டருக்கும் படத்துக்கும் நடுவுல ஒரு சீட்டும் ஒரு கியூவும் வந்துடுச்சு.

7/ திரும்பி வர ஆரம்பிச்சது விபத்துப் பிரிவு வழியா. ஜெர்மனி, ஜப்பான் சர்ஜன்கள் ஏற்கெனவே அடிபட்டவங்க வயித்துல ஸ்கேன் வச்சுப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. அமெரிக்காவுல அதுவரை வழக்கம், வயித்துல சின்னத் துளை போட்டு, உப்புநீர் விட்டு, ரத்தம் வருதான்னு பார்க்கிறது. 1990-களில் அதோட இடத்தை 'ஃபாஸ்ட்' ஸ்கேன் பிடிச்சது.

8/ ஃபாஸ்ட் கேட்கிறது ஒரே கேள்வி: இருக்கக்கூடாத இடத்துல திரவம் இருக்கா, இல்லையா? கல்லீரல் பக்கம், மண்ணீரல் பக்கம், அடிவயிறு, இதயத்தைச் சுற்றி. நாலே இடம். ஸ்கேன்ல திரவம் கறுப்பா தெரியும். கல்லீரல்ல கட்டி இருக்கா, கிட்னி எத்தனை சென்டிமீட்டர்னு எல்லாம் கேட்காது. முழு ஸ்கேனுக்கும் படுக்கையருகே பண்ற ஸ்கேனுக்கும் வித்தியாசமே இதுதான். கேள்வி சின்னது. ஆமா, இல்லன்னு பதில் வரணும்.

9/ சண்டை இல்லாம இது நடக்கல. படம் பார்க்கிறது எங்க வேலைன்னு ரேடியாலஜி தரப்பு. ராத்திரி ரெண்டு மணிக்கு யார் வருவான்னு எமர்ஜென்சி தரப்பு. 1999-ல் அமெரிக்க மருத்துவ சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. தகுந்த பயிற்சி இருந்தா எந்தத் துறை மருத்துவரும் அல்ட்ராசவுண்ட் பண்ணலாம், என்ன பயிற்சின்னு அந்தந்தத் துறை சொல்லட்டும். 2001-ல் எமர்ஜென்சி மருத்துவர்கள் அமைப்பு தன்னோட வழிகாட்டுதலை வெளியிட்டது. ஒவ்வொரு வகைக்கும் குறைஞ்சது 25 ஸ்கேன்ங்கிற கணக்கு அப்படிப் புழக்கத்துக்கு வந்தது.

10/ அதே 1999-ல் மெஷினும் சுருங்குச்சு. அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிப் பணத்தில் வளர்ந்த தொழில்நுட்பம், சோனோசைட் கம்பெனி, கையில தூக்கிட்டுப் போற மெஷின், சுமார் இரண்டரை கிலோ. 2017-ல் பட்டர்ஃப்ளை கருவிக்கு அனுமதி கிடைச்சது. போன்ல மாட்டிக்கலாம், அப்போ அறிவிச்ச விலை 2000 டாலருக்குள்ள. என் நண்பன் கேட்டது இந்த மாதிரி ஒண்ணைத்தான்.

11/ சரி, குடும்ப மருத்துவர்கள் எங்கே இருந்தாங்க? அமெரிக்காவுல குடும்ப மருத்துவம் தனித் துறையா அங்கீகாரம் வாங்கினது 1969-ல். ரெசிடென்சி மூணு வருஷம். பிரசவம் பார்த்த குடும்ப மருத்துவர்கள் சிலர் 1980-களிலேயே கர்ப்ப ஸ்கேன் பண்ணாங்க. மத்தபடி பெரும்பாலானவங்க கையில ஸ்டெதாஸ்கோப் மட்டும்தான்.

12/ 2015-ல் ஒரு கணக்கெடுப்பு வெளியாச்சு. அமெரிக்காவின் குடும்ப மருத்துவ ரெசிடென்சிகளை நடத்துறவங்ககிட்ட கேட்டாங்க. படுக்கையருகே ஸ்கேன் சொல்லித்தர நிலையான பாடத்திட்டம் இருந்தது 2.2 சதவீத இடங்களில்! இன்னொரு 29 சதவீதம் கடந்த ஒரு வருஷத்துலதான் தொடங்கியிருந்தாங்க. பெரிய தடை எதுன்னு கேட்டதுக்கு அதிகம் பேர் சொன்ன பதில் மெஷின் இல்லங்கிறது இல்ல. பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லங்கிறதுதான்.

13/ எனக்கு அந்தப் பதில் நல்லாவே புரியும். நானும் அமெரிக்காவுல குடும்ப மருத்துவ ரெசிடென்சி பண்ணவன். எங்க வார்டுல மெஷின் இருந்துச்சு. சொல்லிக்கொடுக்க யாரும் இல்ல. வீடியோ பார்த்துத்தான் கத்துக்கிட்டேன். ஒரு ராத்திரி மேல்வயிறு வலியோட ஒரு அம்மா வந்தாங்க. புரோபை வச்சேன். பித்தப்பை ஓரமா வெள்ளையா ஏதோ, அதுக்குப் பின்னால நிழல். "கல் இருக்கும்மா, ஆபரேஷன் தேவைப்படலாம்"னு சொல்லிட்டேன்.

14/ அவங்க ராத்திரி முழுக்கத் தூங்கல. வேலைக்கு லீவு எப்படிப் போடுறது, பசங்களை யார் பார்த்துக்கிறதுன்னு நர்ஸ்கிட்ட அழுதிருக்காங்க. காலையில முறையான ஸ்கேன்ல கல்லே இல்ல. நான் பார்த்தது பக்கத்துல இருந்த சிறுகுடல் வாயு. கல்லுன்னா நிழல் சுத்தக் கறுப்பா விழும், ஆளைத் திருப்பிப் படுக்க வச்சா பொதுவா உருளும். வாயுன்னா நிழல் கலங்கலா இருக்கும். இதைச் சொல்லித்தர ரெண்டு நிமிஷம் போதும். ஆனா அந்த ரெண்டு நிமிஷத்துக்கு அனுபவப்பட்ட ஒருத்தர் பக்கத்துல நிக்கணும். நேர்ல போய் அந்த அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டேன்.

15/ இதே தப்பு எதிர்ப்பக்கமும் நடக்கலாம். கால் வீங்கின நோயாளிக்கு ரத்தக்கட்டு இல்லன்னு தப்பாச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினா, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போகலாம். மன்னிப்புக் கேட்க ஆள் இருக்க மாட்டாங்க.

16/ 2016 டிசம்பரில் அமெரிக்கக் குடும்ப மருத்துவர்கள் அகாடமி, ரெசிடென்ட்களுக்கான ஸ்கேன் பாடத்திட்டப் பரிந்துரையை வெளியிட்டது. இதயம், நுரையீரல், வயிறு, பெருந்தமனி, கால் ரத்தக்குழாய், கர்ப்பம், மூட்டுன்னு குடும்ப மருத்துவர் தினமும் சந்திக்கிற கேள்விகள் அதுல இருக்கு. டொனால்ட் கட்டுரை வந்து 58 வருஷம் கழிச்சு!

17/ நல்ல பயிற்சி எப்படி இருக்கும்? முதல்ல படம் பார்த்துப் பழகணும். அப்புறம் நல்லா இருக்கிறவங்க உடம்புல புரோபைப் பிடிச்சுப் பழகணும். அப்புறம் ஆசிரியர் பக்கத்துல நிக்க, நோயாளிகிட்ட. ஒவ்வொரு படத்தையும் சேமிச்சு, இன்னொருத்தர் திருத்தணும். தெரியலன்னா "தெரியல"ன்னு எழுதி முழு ஸ்கேனுக்கு அனுப்பணும். இந்தக் கடைசிப் பாடம்தான் ரொம்பக் கஷ்டம்.

18/ இப்போ நண்பன் விஷயம். இந்தியாவில் 0-6 வயசுல 1000 ஆண் குழந்தைகளுக்கு 1991-ல் 945 பெண் குழந்தைகள். 2001-ல் 927. கருவிலேயே பெண்ணைத் தேடி அழிக்க இதே மெஷினைப் பயன்படுத்தினோம். அதனாலதான் 1994 சட்டம், 2003 திருத்தம். பதிவு இல்லாத இடத்துக்கு மெஷினை விற்கவே கூடாது. 2012-ல் கையடக்க மெஷின்களுக்குத் தனிக் கட்டுப்பாடு. 2014-ல் எம்.பி.பி.எஸ் டாக்டர்களுக்கு ஆறு மாசப் பயிற்சி விதி. சூட்கேஸ்ல ஒளிச்சுக் கொண்டுவர இது பவர் பேங்க் இல்ல.

19/ அவனுக்குக் கோபம். "நான் நுரையீரல்தானேடா பார்க்கப் போறேன்?" நியாயமான கோபம்தான். நெஞ்சுல வைக்கிற புரோபை வயித்துலயும் வைக்கலாம்னு சட்டத்துக்குத் தெரியும், அவன் நல்லவன்னு தெரியாது. இந்த முடிச்சை எப்படி அவிழ்க்கிறதுன்னு நாம பேசித்தான் ஆகணும்.

20/ கடைசியா அவன்கிட்ட சொன்னது: முதல்ல முறையான பயிற்சியில சேரு, அப்புறம் பதிவு, அப்புறம் மெஷின். "மெஷின் வாங்குறது ஒரு நாள் வேலைடா. உன் படத்தைப் பார்த்து 'இது கல் இல்ல, வாயு'ன்னு சொல்ல ஒரு ஆளை முதல்ல பிடி." கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம் கேட்டான், "அந்த ஆறு மாசம் கிளினிக்கை யாருடா பார்த்துப்பாங்க?"

என்கிட்ட பதில் இல்ல. இதைப் படிக்கிற குடும்ப மருத்துவர்கள் யாராவது அந்த ஆறு மாசத்தைக் கடந்து வந்திருந்தா, எப்படிச் சமாளிச்சீங்கன்னு கீழே எழுதுங்க. அவனுக்கு அனுப்புறேன்.