மிஸ் ஷில்லிங் போட்ட ஓட்டை

பழைய கார்புரேட்டர் வண்டி வச்சிருக்கறவங்களுக்கு இந்தத் தொல்லை தெரிஞ்சிருக்கும். நல்லா ஓடிக்கிட்டு இருக்கும். மேடு ஏறும்போது இருமி இருமி நின்னுடும். 'பெட்ரோல் வரல' என்று சொல்லி பம்ப், ஃபில்டர், டியூப் எல்லாவற்றையும் கழற்றுவோம். 1940இல் பிரிட்டிஷ் விமானப்படைக்கு இது உயிர்ப் பிரச்சினையாகவே இருந்தது. அதைப் பற்றிப் படித்தபோது எடுத்த குறிப்புகள் இவை.

ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் இரண்டிலும் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின், அதில் எஸ்.யு. கார்புரேட்டர். எம்.ஜி., மோரிஸ் கார்களுக்குக் கார்புரேட்டர் செய்த அதே எஸ்.யு.தான். எதிரில் வந்த ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109இலோ, பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்ஷன். துரத்தல் பலமானால் ஜெர்மன் விமானி மூக்கைச் சட்டென்று கீழே தள்ளிப் பாய்வார். பின்னால் வந்த ஸ்பிட்ஃபயர் அதையே செய்தால் எஞ்சின் அடைத்துக்கொள்ளும். அதனால் பிரிட்டிஷ் விமானிகள் முதலில் விமானத்தைப் புரட்டி, அப்புறம்தான் கீழே பாய்ந்தார்கள். அதற்குள் எதிரி போய்விடுவான். தப்பிக்க வேண்டியது தானாக இருந்தாலோ, எஞ்சின் ஓடாத அந்த ஓரிரு நொடி போதும், உயிர் போக.

ஏன் நின்றது? நம்ம வீட்டுத் தண்ணித் தொட்டியில் பந்து வால்வு இருக்கிறதல்லவா? தண்ணி ஏறினால் பந்து மேலே வந்து குழாயை அடைக்கும். கார்புரேட்டரின் மிதவை அறையும் அப்படித்தான். மூக்கைத் திடீரென்று தள்ளும்போது, உள்ளே இருக்கும் பெட்ரோல் அறையின் கூரைக்குப் போய்விடும். ஜெட் இருப்பது அடியில். பெட்ரோல் கிடைக்காமல் எஞ்சின் ஒரு கணம் தடுமாறும். இது பட்டினி.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. பெட்ரோல் மேலே போனதால் மிதவை அடிப்பக்கம் வந்துவிடும். வால்வு முழுசாகத் திறந்துகொள்ளும். பம்ப் தன் முழு வேகத்தில் பெட்ரோலைத் தள்ளும். அறை நிரம்பி வழிந்து, எஞ்சின் பெட்ரோலில் மூழ்கிக் கரும்புகை விட்டு நிற்கும். பட்டினியை விட நீண்டதும் ஆபத்தானதும் இந்த வெள்ளம்தான்.

ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூடத்தில் இருந்த பொறியாளர் பீட்ரிஸ் ஷில்லிங் கைவைத்தது இந்த இரண்டாவது கோளாறில். 1934லேயே புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையில் நார்ட்டன் மோட்டார் சைக்கிளை மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டித் தங்க நட்சத்திரம் வாங்கியவர். எஞ்சின் முழு பலத்தில் ஓட எவ்வளவு பெட்ரோல் வேண்டுமோ, ஏறக்குறைய அவ்வளவு மட்டுமே போகும்படி அளவாகத் துளையிட்ட ஒரு சின்னப் பித்தளைத் துண்டைக் குழாயில் வைத்தார். வால்வு எவ்வளவு திறந்தாலும் வெள்ளம் வராது. விமானத்தைப் பட்டறைக்கு அனுப்ப வேண்டியதில்லை; நின்ற இடத்திலேயே மாட்டலாம். 1938லேயே கல்யாணம் ஆனவர் என்றாலும், விமானப்படையில் அந்தத் துண்டுக்கு நிலைத்த பெயர் 'மிஸ் ஷில்லிங்கின் ஓட்டை'. அதில் ஆண்களின் குறும்பும் கலந்திருந்தது.

பிரிட்டன் வான்போரை ஜெயித்ததே இந்த ஓட்டைதான் என்று சிலர் எழுதுவார்கள். தேதி இடிக்கிறது. போர் நடந்தது 1940 ஜூலை முதல் அக்டோபர் வரை. துண்டு படைக்கு வந்தது 1941 மார்ச்சில். அந்தக் கோடை முழுக்க விமானிகள் கோளாறோடுதான் பறந்தார்கள். துண்டு வந்த பிறகும் அந்த முதல் தடுமாற்றம் இருந்தது. தலைகீழாக நீண்ட நேரம் பறக்கவும் முடியாது. மிதவையே இல்லாத அழுத்தக் கார்புரேட்டர் பின்னால்தான் வந்தது.

அப்போ இன்ஜெக்ஷனுக்கே மாறியிருக்கலாமே? ரோல்ஸ் ராய்ஸுக்குக் காரணம் இருந்தது. கார்புரேட்டர் வழியாகக் காற்றில் கலக்கும் பெட்ரோல் ஆவியாகும்போது காற்றைக் குளிரவைக்கும். குளிர்ந்த காற்று அடர்த்தி. அதனால் கூடுதல் பலம். அதை விட்டுக்கொடுக்க அவர்கள் தயாராக இல்லை.

எனக்கு இதில் பிடித்தது, ஒரே 'எஞ்சின் நின்னுடுச்சு'க்குள் நேர் எதிரான இரண்டு நோய்கள் இருந்ததைப் பிரித்துப் பார்த்ததுதான். கார்களிலும் இதேதான். ஊசி வால்வில் தூசி சிக்கித் திறந்தே நின்றால், பெட்ரோல் வராத வண்டி மாதிரியே அது இருமும். பம்பைக் கழற்றுவதற்கு முன்னால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளுத்திருந்தால் பட்டினி, கரி படிந்து ஈரமாக இருந்தால் வெள்ளம்.