விசாக தினம் யாருடைய திருநாள்?



"டீச்சர், விசாக தினம் சீனவங்க கொண்டாடுறதுதானே? நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" ஜொகூரில் பாடம் நடத்தும் பலர் கேட்டிருக்கக்கூடிய கேள்வி இது. "ஆமாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புவது சுலபம். ஆனால், அப்படிச் சொன்னால் தமிழர் வரலாற்றில் ஒரு பெரிய பகுதியை நாமே அழித்துவிடுகிறோம். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம், வாங்க.

முதலில் இலக்கியம். ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான மணிமேகலை ஒரு பௌத்த நூல். சீத்தலைச் சாத்தனார் பாடியது. அதன் நாயகி அமுதசுரபியை ஏந்திப் பசித்தவர்களுக்கெல்லாம் சோறு போடுகிறாள். சிறையில் கிடப்பவர்களையும் அவள் விட்டுவிடவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றும்படி மன்னனிடம் கேட்டுப் பெறுகிறாள். குற்றவாளியும் மனிதன்தான், அவனுக்கும் பசிக்கும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. மனித உரிமை என்ற சொல் பிறப்பதற்கு முன்பே பிறந்த எண்ணம் இது. காப்பியத்தில் சாவக நாடும் வருகிறது. அதாவது, நம் வட்டாரம் அந்தக் கவிஞருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்தது, நீங்கள் பாடப்புத்தகத்தில் படிக்கும் ஸ்ரீ விஜயமும் கெடா துவாவும். தமிழ்க் கல்வெட்டுகள் கெடாவைக் கடாரம் என்கின்றன. ஸ்ரீ விஜய மன்னன் சூளாமணிவர்மன் பெயரில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுந்தது. அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் அதைக் கட்டி முடித்தான். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய முதலாம் ராஜராஜன், தன் 21ஆம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய 1006இல், ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தை அந்த விகாரத்துக்கு விட்டுக்கொடுத்தான். மன்னன் சைவன், கொடை போனது பௌத்தப் பள்ளிக்கு. நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்ததால் 'லெய்டன் செப்பேடுகள்' என்று பெயர் பெற்ற ஏடுகளில் இந்தச் செய்தி இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. "அந்தக் காலத்துல எல்லாரும் ஒத்துமையா இருந்தாங்க" என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். 1025இல் ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் இதே கடாரத்தின் மீது கப்பற்படையோடு பாய்ந்தான். சீனாவுக்கும் தென்னிந்தியாவுக்கும் நடுவே மலாக்கா நீரிணை வழியாக ஓடிய வணிகம்தான் நட்புக்கும் காரணம், போருக்கும் காரணம். அதே விகாரத்துக்கு 1090இல் முதலாம் குலோத்துங்கன் மறுபடி உரிமைகளை உறுதி செய்தான். போர் நடந்தும் உறவு அறுந்துபோகவில்லை. காரணத்தையும் விளைவையும் சேர்த்துச் சொல்லும் இப்படிப்பட்ட விடைதான் உயர்நிலைச் சிந்தனைக் கேள்விக்கு ஏற்றது.

பிறகு என்ன ஆனது? தமிழகத்தில் பௌத்தம் மெல்ல மறைந்தது. நாகப்பட்டினத்தில் மிஞ்சியிருந்த பழைய கோபுரத்தை 1867இல் இடித்துவிட்டார்கள். ஐரோப்பியர் அதை எப்படிக் குறித்தார்கள் தெரியுமா? 'சீனக் கோபுரம்' என்று! நம் மாணவன் கேட்ட கேள்வி அன்றைக்கே தொடங்கிவிட்டது, பாருங்க.

ஆனால், கதை அதோடு முடியவில்லை. 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) கொழும்பு சென்று பௌத்தம் தழுவி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் பிறப்பால் தாழ்ந்தவர்கள் அல்லர், அவர்கள் பழைய பௌத்தர்கள் என்பது அவர் வாதம். அவர் கேட்டது கோயில் நுழைவு மட்டும் அல்ல. படிக்கவும் மரியாதையோடு வாழவும் உள்ள உரிமை.

அந்தக் குரல் நமக்கு ஏன் முக்கியம்? மலாயாவுக்குக் கப்பலேறிய நம் முன்னோர் சாதியையும் கூடவே கொண்டுவந்தார்கள். பல தோட்டங்களில் சாதி பார்த்துத் தனி லயம் ஒதுக்கினார்கள். 1929 இறுதியில் பெரியார் முதன்முறையாக மலாயா வந்தபோது சுயமரியாதைக் கருத்துகள் இங்கே பரவின. 1954 டிசம்பரில் ரங்கூனில் நடந்த உலக பௌத்த மாநாட்டில் அவரும் அம்பேத்கரும் சந்தித்துப் பேசினர். அந்தப் பயணத்தின்போதே பெரியார் மறுபடி மலாயாவுக்கு வந்தார். 14 அக்டோபர் 1956 அன்று அம்பேத்கர் நாக்பூரில் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். அவர்களுக்கு அது சமயம் மாறியது மட்டும் அல்ல, சமத்துவத்துக்கான முடிவு.

இதே காலத்தில் உலகமும் ஒரு முடிவெடுத்தது. 10 டிசம்பர் 1948 அன்று ஐக்கிய நாடுகள் சபை அனைத்துலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. முதல் விதியில் 'ஆண்கள்' என்று பொருள்படும்படி இருந்த சொல்லை 'மனிதர்கள் அனைவரும்' என்று மாற்ற வைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. வரைவுக் குழுவின் துணைத்தலைவர் சீனாவின் பி.சி. சாங். ஆகவே, மனித உரிமை மேல்நாட்டுச் சரக்கு என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு பெயர்களையும் சொல்லுங்கள். நம் நாட்டுக் கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு சட்டத்தின் முன் சமத்துவத்தைப் பேசுகிறது. 11ஆம் பிரிவு சமய உரிமையைப் பேசுகிறது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி சுஹாகாம் என்னும் மனித உரிமை ஆணையம் அமைந்தது.

இனி, புத்தகத்தை மூடிவிட்டு ஜொகூர் பாருவுக்கு வாங்க. ஜாலான் துருஸ் தெருவில் பழைய சீனக் கோயில் இருக்கிறது. தியோச்சூ, ஹொக்கியான், ஹக்கா, கந்தோனியர், ஹைனானியர் என ஐந்து சமூகத்தினரும் ஆளுக்கொரு தெய்வத்தை வைத்து வணங்குகிறார்கள். சீனப் புத்தாண்டின் முதல் மாதத்தில் அந்த ஐந்து தெய்வங்களும் ஊர்வலம் போவதுதான் சிங்கே. ஆனால் கவனியுங்கள்: இவை தாவோ மரபுத் தெய்வங்கள். சீனக் கோயில் எல்லாம் புத்தர் கோயில் அல்ல. சீனர் எல்லாரும் பௌத்தரும் அல்லர். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ராஜமாரியம்மன் ஆலயம், சீக்கியர் குருத்வாரா, கத்தோலிக்கத் தேவாலயம்.

மாணவர்களை அங்கே ஒருமுறை அழைத்துப் போங்கள். ஒவ்வோர் இடத்திலும் மூன்றே கேள்விகள் போதும்: இதை யார் கட்டினார்கள்? எதற்காக இங்கே வந்தார்கள்? இதைக் காக்கும் சட்டம் எது? விடைகளை ஒரு பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். மூன்றாவது கேள்வியில்தான் பலர் திணறுவார்கள். அங்கேதான் 11ஆம் பிரிவை நடத்த வேண்டும்.

அடுத்த முறை அந்த மாணவன் அதே கேள்வியைக் கேட்டால், "ஒரு காலத்தில் நம்மவர்களும் கொண்டாடியதுதான்ப்பா. ஏன் விட்டோம், யார் திரும்ப எடுத்தார்கள்னு நீயே தேடிப் பார்" என்று சொல்லுங்கள். அவன் தேடத் தொடங்கினால், வரலாற்றுப் பாடம் தன் வேலையைச் செய்துவிட்டது.