தொடர் இடையகம் (நுண்கட்டுப்படுத்தி)

தொடர் இடையகம் என்பது தொடர்வழியில் வரும் பைட்டுகளை நிரல் படிக்கும்வரை தேக்கிவைக்கும் நினைவகப் பகுதி. இது பெரும்பாலும் வட்ட வரிசையாக அமையும். குறுக்கீட்டு நிரல் ஒரு முனையில் எழுத, முதன்மை நிரல் மறுமுனையில் படிக்கும்.

கொள்ளளவு: ஆர்டுயினோ யூனோ பலகையின் ஏடிமெகா328பி சில்லில் 2048 பைட் ரேம் நினைவகமே உண்டு. ஆர்டுயினோ நூலகம் பெறுதலுக்கு 64 பைட் ஒதுக்குகிறது. இடையகம் நிரம்பியதா வெறுமையா என்று வேறுபடுத்த ஓரிடம் காலியாக விடப்படுவதால், 63 பைட்டுகளே கொள்ளும். ஒரு பைட்டுக்கு 10 பிட் என்ற கணக்கில், 9600 பாட் வேகத்தில் இது சுமார் 66 மில்லிவினாடியிலும், 115200 பாட் வேகத்தில் சுமார் 5.5 மில்லிவினாடியிலும் நிரம்பும். அதற்குமேல் வரும் பைட்டுகள் எந்த எச்சரிக்கையுமின்றி இழக்கப்படும்.

நீண்ட செய்திகள்: ஜிபிஎஸ் கருவிகள் அனுப்பும் என்எம்இஏ 0183 வரி 82 எழுத்துகள்வரை நீளலாம். முழு வரியும் இடையகத்தில் சேரட்டும் என்று காத்திருந்தால் வரி சிதையும். எனவே வந்த பைட்டுகளை ஒவ்வொரு சுற்றிலும் உடனே எடுத்துத் தனி அணியில் சேர்த்து, வரிமுடிவுக் குறி கண்டதும் சரிபார்ப்புத்தொகையைச் சோதித்துப் பயன்படுத்த வேண்டும். அணியின் எல்லையை ஒவ்வொரு எழுத்துக்கும் சரிபார்ப்பது கட்டாயம். மீறினால் அடுத்த வரித்தொடக்கம்வரை அனைத்தையும் விலக்க வேண்டும். அணியிலும் அடங்காத செய்திகளுக்கு, வன்பொருள் கைகுலுக்கல் கம்பிகள் வழியாகவோ கட்டுப்பாட்டு எழுத்துகள் வழியாகவோ அனுப்புநரை நிறுத்திவைக்கலாம்.

வரம்பு: படிக்கும் வேகம் வரும் வேகத்தைவிடத் தொடர்ந்து குறைவாக இருந்தால், இடையகத்தைப் பெரிதாக்குவது இழப்பைத் தள்ளிப்போடுமே தவிரத் தடுக்காது. வரும் வேகத்துக்கு ஈடாகப் படிப்பதே நிலையான தீர்வு.