வாளும் துலாக்கோலும்: மில்லிகன் வழக்கு

அமைதிக் காலத்தில் சட்டத்தைப் போற்றுதல் எளிது. பகைவன் வாயிலில் நிற்கும்போதும் அதனைப் போற்றுகின்றதா என்பதே ஒரு நாட்டின் நடுவுநிலைக்கு உரைகல்லாகும். கோவலன் வழக்கை ஆராயாது முடித்துப் பாண்டியன் எய்திய பழியை அறிந்த தமிழர்க்கு இவ்வுண்மை புதிதன்று. 1866ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரித்த மில்லிகன் வழக்கு இதற்கு மற்றொரு சான்று.

வழக்கின் தோற்றம்

1861 முதல் 1865 வரை அமெரிக்காவின் வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் தம்முள் போரிட்டன. வடபகுதியைச் சேர்ந்த இந்தியானா மாநிலத்தில் லாம்டின் மில்லிகன் என்னும் வழக்கறிஞர் வாழ்ந்தார். அரசின் போர்க் கொள்கையை வன்மையாக எதிர்த்தவர். 1864 அக்டோபரில் படையினர் அவரைச் சிறைப்படுத்தினர். இரகசியச் சங்கத்தில் சேர்ந்து அரசுக்கு எதிராகச் சதி செய்தார், பகைவர்க்கு உதவினார் என்பன அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் சில. அவரை விசாரித்தது பொது நீதிமன்றமன்று. படை அதிகாரிகள் அமர்ந்த இராணுவ மன்றம். அது தூக்குத் தண்டனை விதித்தது. நிறைவேற்றக் குறித்த நாள் 1865 மே 19.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. மில்லிகன் படைவீரர் அல்லர். இந்தியானாவில் பொது நீதிமன்றங்கள் திறந்தே இருந்தன. காவலில் உள்ளவர்மீது ஜூரி சபை கூடிக் குற்றஞ்சாட்டாது கலையுமாயின், அவர் விடுதலை கோரலாம் என 1863ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. 1865 சனவரியில் கூடிய ஜூரி சபை அவர்மீது குற்றஞ்சாட்டவில்லை. எனவே தூக்கு நாளுக்கு ஒன்பது நாள் முன்னர் ஆட்கொணர் மனு தொடுக்கப்பட்டது. அதனைக் கேட்ட நீதிபதிகள் இருவரும் கருத்து மாறுபட்டமையால் வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. இதற்கிடையே குடியரசுத் தலைவர் ஜான்சன் தூக்கை ஆயுள் தண்டனையாக மாற்றினார்.

சொற்போர்

1866 மார்ச்சில் வாதம் பல நாள் நடந்தது. அரசின் பக்கம் தலைமை வழக்கறிஞர் ஸ்பீடு, ஸ்டான்பெரி, படைத்தலைவராக விளங்கிய பட்லர் ஆகியோர் நின்றனர். போர்க் காலத்தில் நாட்டைக் காப்பதற்கு எது வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் படைகளின் தலைவராகிய குடியரசுத் தலைவரே; அரசியலமைப்புத் தரும் ஜூரி விசாரணை முதலிய காப்புகள் அமைதிக் காலத்திற்கு உரியவை; இதுவே அவர்கள் வாதத்தின் சாரம்.

மில்லிகன் பக்கம் ஜெரமையா பிளாக்கும் டேவிட் டட்லி ஃபீல்டும் ஜேம்சு கார்ஃபீல்டும் வாதாடினர். இவர்களுள் கார்ஃபீல்டு நிலை வியப்புக்குரியது. அவர் வட படையில் தளபதியாகப் போரிட்டவர். லிங்கனின் கட்சியைச் சேர்ந்த காங்கிரசு உறுப்பினர். உச்ச நீதிமன்றத்தில் அவர் வாதாடிய முதல் வழக்கு இதுவே. பகைவர்க்குத் துணை நின்றார் எனப்பட்டவருக்காக வாதாடியமையால் தம் கட்சியினரின் கண்டனத்திற்கு ஆளானார். ஆயினும் பின்வாங்கவில்லை. நீதிமன்றங்கள் திறந்திருந்த காலத்தில் முறையான விசாரணையின்றி 1322இல் கொல்லப்பட்ட இங்கிலாந்தின் லங்காசுடர் பிரபுவின் தண்டனை, பின்னர் 1327இல் தவறெனத் தள்ளப்பட்டதை எடுத்துக்காட்டினார். மில்லிகன் நல்லவரா தீயவரா என்பதன்று வினா. அவரை விசாரிக்க உரிமையுடையார் யார் என்பதே வினா.

தீர்ப்பும் விளைவும்

1866 ஏப்ரலில் முடிவு அறிவிக்கப்பட்டது. காரணங்கள் டிசம்பரில் வெளியாயின. மில்லிகனை விடுவிக்க வேண்டும் என்பதில் நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒன்றுபட்டனர். தீர்ப்பை எழுதியவர், லிங்கனின் நண்பரும் அவராலேயே நீதிபதியாக நியமிக்கப்பட்டவருமான டேவிட் டேவிசு. பொது நீதிமன்றங்கள் தடையின்றி நடைபெறும் இடத்தில் குடிமக்களைப் படையினர் விசாரித்தல் கூடாது. அரசியலமைப்புப் போருக்கும் அமைதிக்கும் பொதுவான சட்டம் என்றார் அவர். காங்கிரசு சட்டம் இயற்றினும் அது செல்லாது என ஐவர் கருதினர். தலைமை நீதிபதி சேசு உள்ளிட்ட நால்வர் அதனை ஏற்கவில்லை.

இத்தீர்ப்பும் வரம்பற்றதன்று. 1942இல் நாச வேலைக்கு வந்திறங்கிய செருமானியரை இராணுவ மன்றம் விசாரித்ததை அதே உச்ச நீதிமன்றம் ஏற்றது. பகைவர் படையைச் சேர்ந்தோர் நிலை வேறு என்றது. 1946இலோ, அவாயித் தீவுகளில் இராணுவ மன்றங்கள் குடிமக்களைத் தண்டித்தது தவறெனக் கூறியது.

விடுதலை பெற்ற மில்லிகன் தம்மைச் சிறைப்படுத்தியோர்மீது வழக்குத் தொடுத்து வென்றார். 1871இல் அவருக்குக் கிடைத்த இழப்பீடு ஐந்து டாலர். அத்தொகை சிறிது. ஆனால், வாளேந்திய கை துலாக்கோலையும் பற்றலாகாது என்னும் நெறிக்கு அவர் வழக்கு நிலையான சான்றாயிற்று. வென்ற பக்கத்தைச் சேர்ந்த ஒரு தளபதியே அந்நெறிக்காக வாதாடினார் என்பதும், வென்ற தலைவரின் நண்பரே அதனைத் தீர்ப்பாக எழுதினார் என்பதும் மாணாக்கர் உள்ளத்தில் பதியத்தக்க செய்திகளாம்.