வாடகைக் கார் முன்கட்டணமும் முன்கூட்டித் திருப்புதலும்

ஓட்டுநர் இல்லாமல் வாடகைக்குக் கார் எடுப்பவர், பதிவு செய்யும்போதே முழு வாடகையையும் கட்டிவிடும் முறை முன்கட்டணம் எனப்படும். அமெரிக்காவில் ஹெர்ட்ஸ், ஏவிஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் ஒரே காருக்கு இரண்டு விலை காட்டுவது வழக்கம். இப்போதே கட்டினால் ஒரு விலை. கவுன்டரில் கட்டினால் பெரும்பாலும் அதைவிடக் கூடுதல். முன்கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடிக்கு ஈடாகப் பயணத் திட்டத்தை மாற்றும் வசதி கைவிட்டுப் போகிறது. ரத்து செய்தால் ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வார்கள். காரை நாலு நாள் முன்னதாகவே விட்டாலும் அந்த நாலு நாள் பணம் பொதுவாகத் திரும்பாது. விமானம் தாமதமாகி மறுநாள் போய் எடுத்தாலும் கணக்கு முதலில் பதிந்த நேரத்திலிருந்தே ஓடக்கூடும்.

பின்னர் கட்டும் முறையில் இந்தப் பிடி தளர்வானது என்று பலர் நம்புகிறார்கள். அது பாதிதான் உண்மை. வாடகை நாள் என்பது காரை எடுத்த நேரத்திலிருந்து எண்ணும் 24 மணி நேரம். வாரக் கட்டணம் பெரும்பாலும் குறைந்தது 5 நாள் வைத்திருப்பவருக்கே பொருந்தும். அதற்குள் விட்டால் முழுத் தொகையும் தினக் கட்டணத்தில் மறுபடி கணக்கிடப்படும். ஓர் எடுத்துக்காட்டு: நாளுக்கு 80 டாலர், வாரத்துக்கு 280 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு எடுத்தவர் நான்காம் நாள் முடிவில் காரை விட்டால் கணக்கு 320 டாலர் ஆகிறது. மூன்று நாள் குறைவாக ஓட்டியதற்கு 40 டாலர் அதிகம்! இதற்கு மேல் சில நிறுவனங்கள் முன்கூட்டித் திருப்பும் கட்டணம் என்று தனியாக ஒன்றையும் சேர்க்கும். சாவியைக் கொடுப்பதற்கு முன் புதிய தொகை எவ்வளவு என்று போனில் கேட்டுவிடுவதே புத்திசாலித்தனம். அது கூடுதலாக இருந்தால் காரைக் கெடு முடியும்வரை வைத்துக்கொள்ளலாம்; ஆனால் அதுவரை கீறலுக்கும் அபராதச் சீட்டுக்கும் வாடிக்கையாளரே பொறுப்பு.

எரிபொருளிலும் முன்கட்டணம் உண்டு. ஒரு டாங்க் பெட்ரோலுக்கு முதலிலேயே பணம் வாங்கிக்கொள்வார்கள்; மீதத்துக்குக் காசு வராது. சீக்கிரம் திருப்புகிறவருக்கு இது இரண்டாவது அடி.

ஐரோப்பாவில் முன்கட்டணத்தைத் திருப்பித் தராத நடைமுறைக்குச் சட்டத்தின் துணையும் இருக்கிறது. இணையம் வழியாக வாங்கியதைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யும் உரிமை அங்கே நுகர்வோருக்கு உண்டு. அது வாடகைக் காருக்கும் பொருந்துமா என்று பிரிட்டனின் நியாய வணிக அலுவலகத்துக்கும் ஈசிகார் நிறுவனத்துக்கும் இடையே வழக்கு நடந்தது. 2005 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம், கார் வாடகையும் போக்குவரத்துச் சேவையே, ஆகவே அந்த உரிமையிலிருந்து விலக்குப் பெறும் என்று தீர்ப்பளித்தது. குறித்த தேதிக்காக நிறுவனம் காரை ஒதுக்கி ஏற்பாடு செய்துவிடுகிறது, ரத்தானால் நட்டம் அதற்கே என்பது நீதிமன்றம் சொன்ன காரணம். 2011-இல் வந்த நுகர்வோர் உரிமை நெறியாணை, தேதி குறித்த கார் வாடகையைப் பெயர் சொல்லியே விலக்கிவிட்டது.

இடைத்தரகர் தளத்தில் பணம் கட்டி வவுச்சரோடு வருபவரின் நிலை இன்னும் சிக்கலானது. பணம் தரகரிடம் இருப்பதால் கவுன்டர் ஊழியர் நினைத்தாலும் திருப்பித்தர முடியாது. கவுன்டரில் சேர்த்த காப்பீடு, கூடுதல் ஓட்டுநர் ஆகியவற்றுக்கான கட்டணத்தை நிறுவனத்திடமும், அடிப்படை வாடகையைத் தரகரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.